இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு கிடையாது

பதின்ம வயதுப் பெண்களுக்கான உதவித்தொகைப் போட்டிகளை நடத்தும் ஊர்க் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பிப்ரவரி 2021

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்க ஊர்களில் ஆண்டுதோறும் நடக்கும் இந்தப் போட்டிகளில் மதிப்பெண் கூட்டும் மேசையிலும், ஒலிக் கருவிகளுக்குப் பின்னாலும், மேடை ஓரத்திலும் நின்று வேலை பார்க்கிறவர்கள் நாங்கள். பரதநாட்டியமும் வீணையும் வயலினுமாகத் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் இந்த மேடைகளுக்கு வருகிறார்கள். குழுக்களிலும் நம்மவர்கள் இருக்கிறீர்கள். பெற்றோரும் சேர்ந்து படிக்கட்டும் என்றே தமிழில் எழுதுகிறோம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கொரோனாவைக் காரணம் காட்டி 2021 போட்டியைத் தள்ளிப்போடாதீர்கள். மேடை, அலங்காரம், பார்வையாளர், விருந்து எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். உதவித்தொகையையும் நியாயமான மதிப்பீட்டையும் மட்டும் விடாதீர்கள்.

மிஸ் அமெரிக்கா அமைப்பு 2020 டிசம்பரில் நடத்த வேண்டிய போட்டியை ஓராண்டு தள்ளிவைத்தது. அங்கே போட்டியிடுகிறவர்களில் பலர் இருபதுகளில் இருக்கிறார்கள், ஓராண்டு பொறுக்கலாம். மிஸ் டீன் யுஎஸ்ஏ நவம்பரில் மெம்ஃபிஸ் நகரின் கிரேஸ்லேண்டில் மேடையிலேயே நடந்தது. அந்த அளவு ஆளும் பணமும் ஓர் ஊர்க் குழுவிடம் கிடையாது. உங்கள் நிலை இரண்டிலும் சேராது. 1958இல் அலபாமாவின் மொபீல் நகரில் தொடங்கி, இன்று டிஸ்டிங்விஷ்ட் யங் விமன் என்ற பெயரில் நடப்பது போன்ற போட்டிகள் பள்ளியின் கடைசி ஆண்டை ஒட்டிய பிள்ளைகளுக்கானவை. அடுத்த கோடையில் இந்தப் பிள்ளைகள் பள்ளியை முடித்திருப்பார்கள், தகுதியும் போயிருக்கும். தள்ளிப்போட்டால் இந்த வகுப்புக்கு அது ரத்துதான்.

தடுப்பூசியை நம்பித் தேதி குறிக்க வேண்டாம். இப்போதைக்கு 16, 17 வயதுக்கு அனுமதி உள்ளது ஃபைசர் ஒன்றுக்குத்தான். பெரும்பாலான இடங்களில் இவர்களின் முறை எப்போது வரும் என்றே தெரியாது. முறை வந்தாலும் இரண்டு ஊசிக்கும் இடையே 3 வாரம், அதன்பின் 2 வாரம் என்று கணக்குப் போட வேண்டும். யாருக்கும் ஊசி போடவில்லை என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். மொபீல் முறையில் படிப்புக்கு 25, நேர்காணலுக்கு 25, திறமைக்கு 20, உடல் தகுதிக்கு 15, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் தன்வெளிப்பாட்டுக்கு 15 விழுக்காடு. கையிலிருக்கும் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதுதானே என்று நினைக்கும் படிப்புப் பகுதியில்தான் இந்த ஆண்டு அநியாயம் சத்தமில்லாமல் நுழையும். 2020 வசந்தத்தில் கல்லூரிச் சேர்க்கைக்கான மே, ஜூன் மாத எஸ்ஏடி தேர்வுகள் ரத்தாயின. பின்னால் தேதி அறிவித்தபோதும் பல தேர்வு மையங்கள் கடைசி நேரத்தில் கதவைச் சாத்தின. பக்கத்து மாவட்டத்துக்குக் கார் ஓட்டிப் போக முடிந்தவளிடம் மதிப்பெண் இருக்கும், முடியாதவளிடம் இருக்காது. ஆகவே மதிப்பெண் இல்லாத பிள்ளைக்கு மட்டும் சலுகை என்று விதி எழுதாதீர்கள். எஸ்ஏடி, அதுபோன்ற ஏசிடி இரண்டையும் எல்லோருக்குமே விலக்கிவிட்டு அந்தப் பங்கைப் பள்ளி மதிப்பெண்ணோடு சேருங்கள். அந்த வசந்தப் பருவத்தில் பல பள்ளிகள் தேர்ச்சி, தேர்ச்சியில்லை என்று மட்டும் போட்டன. அந்தத் தேர்ச்சியை நடுத்தர மதிப்பெண்ணாக மாற்றினால் நல்ல மாணவியின் சராசரி காரணமில்லாமல் இறங்கும். அந்தப் பருவத்தைச் சராசரியில் சேர்க்காமல், எடுத்த பாடங்களின் கடினத்துக்கு மட்டும் பாருங்கள். பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடங்களுக்கு நடக்கும் ஏபி தேர்வுகள் 2020 மே மாதத்தில் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடி 45 நிமிடத்தில் எழுதப்பட்டவை. முந்தைய ஆண்டு மதிப்பெண்ணோடு அவற்றை அப்படியே ஒப்பிடாதீர்கள்.

நேர்காணலுக்கு வருவோம். பத்து நிமிடம்தான், ஆனால் கால்பங்கு மதிப்பெண். வீட்டிலிருந்தே ஜூமில் வரச் சொல்வது எல்லோருக்கும் எளிதாகத் தோன்றும். அப்படிச் செய்தால் நடுவர்கள் பிள்ளையோடு சேர்த்து வீட்டையும் பார்க்கிறார்கள். ஒருத்திக்குத் தனி அறை, நல்ல வெளிச்சம், கம்பி இணைப்பு. இன்னொருத்திக்குச் சமையலறை மேசை, பின்னால் தம்பியின் வகுப்பு, அரைமணிக்கு ஒருமுறை அறுந்துபோகும் இணையம். நூலக வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து வகுப்பைக் கவனித்த பிள்ளைகள் இந்த நாட்டில் ஏராளம். படம் உறைந்து பேச்சு துண்டு துண்டாக வந்தால், தயங்கிப் பேசுகிறாள் என்று நடுவர் மனதில் பதிந்துவிடுகிறது. வேண்டுமென்று யாரும் குறைப்பதில்லை, ஆனாலும் குறைகிறது.

இதற்கு நாங்கள் சொல்லும் வழி ஒரே அறை. பள்ளியிலோ நூலகத்திலோ தேவாலயத்திலோ கம்பி இணையம் உள்ள ஓர் அறையைப் பிடியுங்கள். ஒரு கணினி, ஒரு கேமரா, ஒரு மைக், ஒரு நாற்காலி, பின்னால் வெறும் சுவர். பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே வரட்டும், நடுவர்கள் அவரவர் வீட்டிலிருந்து பார்க்கட்டும். உள்ளே தனியாக இருப்பதால் அவள் முகக்கவசத்தைக் கழற்றிப் பேசலாம். ஆளுக்கு 30 நிமிடம் ஒதுக்குங்கள்: வந்து உட்கார 5, பேச 10, சன்னலைத் திறந்து காற்று மாற்றவும் மேசையைத் துடைக்கவும் 15. பன்னிரண்டு பேருக்கு 6 மணி நேரம் ஆகும். அதைச் சனி, ஞாயிறு என்று பிரித்துக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் திரையைப் பார்த்த நடுவரின் மதிப்பெண்ணை நம்ப முடியாது. வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

கேமராவைப் பற்றி ஒரு நுணுக்கம். லென்ஸ் அவள் கண் மட்டத்தில், ஏறக்குறைய 5 அடி தள்ளி இருக்க வேண்டும். மடிக்கணினியை மேசையில் அப்படியே வைத்தால் முகவாயும் கூரையும்தான் தெரியும், அடியில் நாலு தடித்த புத்தகம் அடுக்குங்கள். அதைவிட முக்கியம், நடுவர்கள் தெரியும் சட்டத்தைச் சிறிதாக்கி லென்ஸுக்கு நேர் கீழே கொண்டுவந்து வையுங்கள். பிள்ளை இயல்பாகக் கேள்வி கேட்பவரின் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்த முகம் திரையின் மூலையில் இருந்தால் நடுவருக்கு அவள் எங்கோ பார்த்துப் பேசுவதுபோல இருக்கும், கண் பார்த்துப் பேசவில்லை என்று மதிப்பெண் போகும். வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும். சன்னல் முதுகுப்பக்கம் இருந்தால் கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி தன்னைக் குறைத்துக்கொள்ளும், கறுத்த முகங்கள்தான் முதலில் இருட்டுக்குள் போகும். செயற்கைப் பின்னணி வேண்டவே வேண்டாம், சுருள் முடியையும் அசையும் கையையும் அது விழுங்கிவிடுகிறது.

நடுவர் பக்கத்திலும் இணையம் அறுபடும். ஒவ்வொருவரிடமும் ஒரு சிவப்பு அட்டை இருக்கட்டும். கேட்கவில்லை என்றால் உயர்த்த வேண்டும், நேரக் காப்பாளர் கடிகாரத்தை நிறுத்த வேண்டும், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஒரு நடுவர் இணைப்பை முழுதாக இழந்தால் அந்தப் பிள்ளைக்கு ஐந்து நடுவர்களுக்குப் பதில் நான்கு நடுவர்களின் மதிப்பெண்தான் இருக்கும். கூட்டுத்தொகையை எடுக்கிற குழுக்கள் இங்கே கோட்டை விடுவார்கள். சராசரியைத்தான் எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். மதிப்பெண் பேசி முடித்த கையோடு வந்துவிட வேண்டும், பிறகு திருத்தம் கிடையாது.

எல்லோரும் 18 வயது நிரம்பாத பிள்ளைகள் என்பதை ஒரு நொடியும் மறக்காதீர்கள். இணைப்புக் கணக்கு குழுவின் பெயரில் இருக்க வேண்டும், நடுவர் ஒருவரின் சொந்தக் கணக்கில் அல்ல. காத்திருப்பு அறை, கடவுச்சொல் இரண்டும் கட்டாயம், தனி அரட்டை மூடியிருக்க வேண்டும். திரையில் பெயர் வேண்டாம், போட்டி எண் போதும். அறைக்கு வெளியே எப்போதும் இரண்டு பெரியவர்கள், ஒருவர் மட்டும் போதாது. பதிவு செய்வதானால் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள், எந்தத் தேதியில் அழிப்பீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

திறமைப் பகுதி ஒன்றரை நிமிடம். இங்கேதான் ஒலி காலை வாரும். ஜூம் போன்ற செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. விடாமல் ஒரே சீராக வரும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழிக்கும். தம்புராவும் சுருதிப் பெட்டியும் முதலில் காணாமல்போகும், பியானோவின் நீளும் ஓசை பாதியில் அறுபடும், ஜதி சொல்லும்போது சலங்கை ஒலி வந்து வந்து மறையும். மூல ஒலி என்ற அமைப்பை இயக்கினால் ஓரளவு சரியாகும், ஆனால் அது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஆளுக்கு ஒரு காணொளி அனுப்பச் சொன்னால் அதுவும் வேறு போட்டியாகிவிடுகிறது: நல்ல கேமராவும், வெட்டி ஒட்டத் தெரிந்த அண்ணனும், இருபது முறை எடுக்கப் பொறுமையும் உள்ளவர்கள் ஜெயிப்பார்கள்.

ஆகவே இதையும் ஒரே இடத்தில் பதிவு செய்யுங்கள். பள்ளி அரங்கம், முக்காலியில் நிலையாக ஒரு கேமரா, மேடைக்கு முன் இரண்டு மைக், இடையில் வெட்டாத ஒரே எடுப்பு. இசைத்தட்டு நின்றது, மின்சாரம் போனது போன்ற கருவிக் கோளாறு வந்தால் மட்டும் மறு எடுப்பு. அடி தவறியதற்குக் கிடையாது. நடனத்துக்கு முழு உடலும் பாதமும் சட்டத்துக்குள் வரும்படி எல்லைக்கோட்டைத் தரையில் டேப் ஒட்டிக் காட்டுங்கள். ஆடுகிறவள் அரை அடி வெளியே போனாலும் அந்த அடவு நடுவருக்கு இல்லாமல்போகும். ஒலிவாங்கியின் தானியங்கி அளவை அணைத்துவிட்டுக் கையால் வையுங்கள். இல்லாவிட்டால் மெல்லப் பாடும் இடமும் ஓங்கிப் பாடும் இடமும் ஒரே அளவாகக் கேட்கும், அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் பழகிய ஏற்ற இறக்கம் வீணாகும்.

பாடகிகளைப் பற்றி அழுத்திச் சொல்கிறோம். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்கேஜிட் மாவட்டத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர், ஒருவருக்கு மட்டும் அறிகுறி இருந்தது. அதன்பின் 32 பேருக்குத் தொற்று உறுதியானது, இன்னும் 20 பேருக்குத் தொற்றாகவே இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். இருவர் இறந்துபோனார்கள். பாட்டு காற்றில் நிறையத் துகள்களை விடுகிறது, மூடிய அறையில் அவை தங்குகின்றன. பாடுகிறவர்களையும் புல்லாங்குழல், எக்காளம் ஊதுகிறவர்களையும் நாளின் கடைசியில் வையுங்கள். நடனமும் பியானோவும் முன்னால் போகட்டும்.

இரண்டு பாடகிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டால், அது அரங்கத்தின் காற்றோட்டத்தைப் பொறுத்தது. மணிக்கு 6 முறை காற்று மாறினால் மிதக்கும் துகள்களில் 99 விழுக்காடு நீங்க 46 நிமிடம் ஆகும், 12 முறை மாறினால் 23 நிமிடம். இது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கணக்கு. பள்ளிப் பராமரிப்பாளரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: மணிக்கு எத்தனை முறை மாறுகிறது, வடிகட்டி நுண்துகள்களைப் பிடிக்கும் எம்இஆர்வி-13 தரம்தானா, விசிறியைத் தானியங்கியில் விடாமல் நாள் முழுக்க ஓடவிட முடியுமா. பதில் திருப்தியாக இல்லையென்றால், 20 அங்குலப் பெட்டி விசிறி ஒன்றும் அதே அளவு எம்இஆர்வி-13 வடிகட்டிகள் நான்கைந்தும் வாங்கிப் பெட்டிபோல டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். காற்றை வடிகட்டி வழியாக உள்ளே இழுத்து விசிறி வழியாக மேலே தள்ள வேண்டும். வடிகட்டியின் ஓரத்தில் போட்டிருக்கும் அம்புக்குறி பெட்டியின் உட்பக்கம் பார்க்க வேண்டும். அதைத் திருப்பி ஒட்டிவிடுவதும், விளிம்பில் இடுக்கு விட்டுவிடுவதும்தான் வழக்கமாக நடக்கும் தவறு.

பியானோக் கட்டைகள் மீது கிருமிநாசினியை நேரே தெளிக்காதீர்கள், ஈரம் இடுக்கில் இறங்கிக் கட்டை சிக்கிக்கொள்ளும். வாசிப்பதற்கு முன்னும் பின்னும் பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைக்கட்டும், கட்டைகளை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். கைமைக் ஒன்றைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். எல்லோரும் உடை உடுத்தி, ஒப்பனை செய்துகொண்டே வரட்டும். உடைமாற்றும் அறையைப் பூட்டிவையுங்கள், தொற்று பரவ அதைவிட வசதியான இடம் இல்லை.

பாட்டுக்குச் சேர்ந்து ஆடும் உடல் தகுதிப் பகுதிக்கு உள்ளரங்கமே வேண்டாம். டென்னிஸ் மைதானத்தில் சுண்ணக்கட்டியால் 10 அடிக்கு ஒரு குறி போட்டு நான்கு நான்கு பேராக ஆடவிடுங்கள். புல்தரை என்றால் திரும்பும்போது கால் வழுக்கும். வீட்டிலிருந்து இணையம் வழியாகச் சேர்ந்து ஆடும் யோசனை உதவாது, பாட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் வெவ்வேறு தாமதத்தில் போய்ச் சேரும், தாளம் தெரிந்த பிள்ளையும் பிந்தி ஆடுவதாகத் தெரியும்.

தன்வெளிப்பாட்டுக் கேள்வி கசியும். முதலில் வந்தவள் வெளியே போய்க் குறுஞ்செய்தி அனுப்பினால் கடைசியில் வருகிறவளுக்கு ஐந்து மணி நேரம் யோசிக்கக் கிடைக்கும். பிள்ளைகள் எத்தனையோ அதைவிட இரண்டு கூடுதலாக, ஒரே தரத்தில் கேள்விகள் தயாரித்து மூடிய உறையில் வையுங்கள், அவளே ஒன்றை எடுக்கட்டும்.

ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? இதற்கு இன்றே எழுத்தில் பதில் இருக்க வேண்டும். தனிமைப்படுத்தப்பட்டவள் போட்டியிலிருந்து நீங்கியதாக விதி எழுதினால், பிள்ளைகள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவார்கள். பல்லாயிரம் டாலர் கல்லூரிச் செலவு தலைக்கு மேல் நிற்கும்போது எந்தப் பதினேழு வயதுப் பிள்ளையிடமும் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? முதல் பதிவு நாளுக்குப் பதினைந்தாம் நாளை மாற்று நாளாக இப்போதே குறித்துவிடுங்கள். தொற்றுள்ளவர் அருகில் 24 மணி நேரத்தில் மொத்தம் 15 நிமிடம், 6 அடிக்குள் இருந்தாலே நெருங்கிய தொடர்பு என்கிறது சிடிசி. 14 நாள் தனிமையே அதன் முதல் பரிந்துரை, டிசம்பரிலிருந்து 10 நாளுக்கும், பரிசோதனையோடு 7 நாளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்தாம் நாள் எல்லாக் கணக்குக்கும் அடங்கும். அதே அறை, அதே கேமரா, அதே நடுவர்கள். மாற்று நாள் முடியும்வரை முடிவை வெளியிடக் கூடாது. வெளியூர்ப் பிள்ளைகளை உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில் தங்கவைக்கும் நல்ல வழக்கத்தையும் இந்த ஆண்டு நிறுத்திவையுங்கள். அந்த வீடுகளில் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள்.

முடிவு அறிவிக்கும் நிகழ்ச்சியை இணையத்தில் ஒளிபரப்புவீர்கள். அரங்கத்துக்கு வாங்கிய இசை உரிமம் ஒளிபரப்புக்குச் செல்லாது. ஃபேஸ்புக்கும் யூடியூபும் பதிவிசையை அடையாளம் கண்டால் நடு நிகழ்ச்சியில் ஒலியை அடைத்துவிடும். தியாகராஜர் கீர்த்தனைக்கு உரிமையாளர் இல்லை, ஆனால் அதை வாசித்த ஒலிப்பதிவுக்கு உண்டு. பீத்தோவனுக்கும் இதே கதிதான். இசைத்தட்டுக்கு ஆடும் பிள்ளைகளிடம் உரிமை பற்றி இப்போதே கேளுங்கள், கிடைக்காதவர்களின் பதிவை நடுவர்கள் மட்டும் பார்க்கட்டும். அதற்காக மதிப்பெண் குறையாது என்றும் சொல்லிவிடுங்கள்.

பணத்துக்கு வருகிறோம். நுழைவுச்சீட்டு வருமானம் இல்லை, விழா மலரில் விளம்பரம் தரும் உணவகமும் பல் மருத்துவரும் வங்கிக் கிளையும் தாங்களே திணறுகிறார்கள். வரவு செலவில் முதல் வரியாக உதவித்தொகையை எழுதுங்கள். அரங்க வாடகை, மேடை விளக்கு, பூங்கொத்து, விருந்து, அச்சு மலர் என்று மிச்சமாவதைக் கூட்டிப் பார்த்தால் பல ஊர்களில் சீட்டு வருமானத்தின் பெரும்பகுதி அதிலேயே ஈடாகிவிடும். அப்படியும் குறைந்தால் போட்டி தொடங்கும் முன்பே உண்மைத் தொகையை அறிவியுங்கள், முடிந்தபின் குறைக்காதீர்கள். ஒரு கல்லூரி தன்னிடம் சேர்ந்தால் மட்டும் தரும் கட்டணச் சலுகையையும் காசோலையாகத் தரும் தொகையையும் ஒன்றாகக் கூட்டி விளம்பரம் செய்யாதீர்கள். ஒரு பிள்ளை ஒரு கல்லூரியில்தான் சேர முடியும், மற்ற சலுகைகள் அவளுக்குச் செல்லாக்காசு.

வென்றவர்களில் சிலர் கல்லூரிச் சேர்க்கையை ஓராண்டு தள்ளிப்போடுவார்கள். உங்கள் விதியில் இத்தனை மாதத்துக்குள் பணத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றிருந்தால், அதை ஓராண்டு நீட்டித்ததாக எழுத்தில் கொடுங்கள், வாய்வார்த்தை போதாது. குழுவின் பொருளாளர் மாறுவார், கொடுத்த வாக்கு யாருக்கும் நினைவிருக்காது.

காசோலை கல்லூரிக்கு நேராகப் போகும்போது இன்னொரு சிக்கல் வரும். வெளியிலிருந்து உதவி வந்தது என்று கல்லூரி தன் சொந்த மானியத்தை அந்த அளவுக்குக் குறைக்கலாம். நீங்கள் கொடுத்த 1,000 டாலர் பிள்ளைக்கு வராமல் கல்லூரிக்கு மிச்சமாகும். மேரிலாந்து 2017இல் தன் அரசுக் கல்லூரிகளில் இதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. மற்ற இடங்களில் பிள்ளைதான் கேட்க வேண்டும். மானியத்தில் கை வைக்கும் முன் கடனையும், படித்துக்கொண்டே வேலை பார்த்துச் சம்பாதிக்கும் வேலைத்திட்டப் பங்கையும் குறைக்கும்படி நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள், மாதிரிக் கடிதத்தை நீங்களே தயாரித்துக் காசோலையோடு இணையுங்கள். கல்விக் கட்டணத்துக்கும், பாடத்துக்குக் கட்டாயமான புத்தகம், கருவிகளுக்கும் செலவாகும் தொகைக்கு வருமான வரி இல்லை, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போனால் உண்டு என்பதையும் அதே தாளில் ஒரு வரி சேருங்கள். வகுப்பு வீட்டிலிருந்தே நடந்தால் மடிக்கணினிதான் பெரிய செலவாக இருக்கும். அது கட்டாயம் என்று பாடத்திட்டத்தில் எழுதியிருக்கும் பக்கத்தைப் பிள்ளை பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் முடிவதற்குள் தேதி, மாற்றுத் தேதி, உதவித்தொகை அளவு, நோய் வந்தால் என்ன என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பெற்றோருக்கு அனுப்புங்கள். தமிழிலோ ஸ்பானிஷிலோ வேண்டுமென்று ஒரு வீடு கேட்டால் மொழிபெயர்த்துத் தர நாங்கள் தயார். நடுவர்களுக்கு ஒத்திகை வைக்கவும், விசிறிப் பெட்டி கட்டிக்கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறோம். கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
மேடைக்குப் பின்னால் வேலை பார்க்கும் தமிழ்த் தன்னார்வலர்கள்